காணாமல் போன அறுபத்தாறு கன முழம்

ஒரு காட்டில் சிங்கம் ராஜாவாக இருந்தது என்றுதான் இந்த மாதிரிக் கதைகள் ஆரம்பிக்கும். இந்தக் காட்டிலும் சிங்கம் இருந்தது, ராஜாவாகவும் இருந்தது. ஆனால் ஆட்சி நடத்தியது என்னவோ பதிவேடுதான். யார் எந்தப் பொந்தில் குடியிருக்கிறார், எந்த வளை எத்தனை முழம், எந்தக் கூட்டில் எத்தனை வாய் என்பதையெல்லாம் எழுதிவைக்க ஓர் அலுவலகம் இருந்தது. பொந்துப் பதிவு அலுவலகம் என்று பெயர். முழம் என்றால் குரங்கு முழம். சந்தேகம் வந்தால் அளந்து பார்த்துக்கொள்ள வாசலில் ஒரு குச்சி தொங்கும்.

அந்தக் காட்டில் நாச்சிமுத்து என்று ஓர் இருவாச்சிப் பறவை இருந்தார். பெரிய மஞ்சள் மூக்கு, அதன்மேல் தொப்பி கவிழ்த்தது போல ஒரு கொண்டை. நல்லவர். எவ்வளவு நல்லவர் என்றால், மனைவிக்கு அத்திப்பழம் கொண்டுவரும்போது, "முப்பது பறிச்சேன் அம்மிணி, வழியில மூணு நான் தின்னுட்டேன்" என்று யாரும் கேட்காமலே சொல்லிவிடுவார். இப்படிப்பட்டவர்கள் கதைகளில் கடைசியில் பரிசு வாங்குவார்கள். நாமும் அந்த நம்பிக்கையோடுதான் ஆரம்பிப்போம்.

அவர் மனைவி பாவாத்தா. இருவாச்சிக் குடும்பங்களில் ஒரு வழக்கம் உண்டு. முட்டையிடும் காலம் வந்ததும் மனைவி மரப்பொந்துக்குள் போய், மண்ணும் எச்சமும் குழைத்து வாசலைத் தானே பூசி அடைத்துக்கொள்வாள். மூக்கு நுழையும் அளவுக்கு ஒரு கீறல்தான் மிச்சம் இருக்கும். அந்தக் கீறல் வழியாகக் கணவன் மூன்று மாதம் சோறு போட வேண்டும். உள்ளே போனவள் சிறகையெல்லாம் உதிர்த்துவிடுவாள். புதிதாக முளைக்கும்வரை அவளால் பறக்க முடியாது. இடையில் யாராவது அந்த வாசலை உடைத்தால் அவள் தரையில் விழுந்த பழம் மாதிரிதான். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

பாவாத்தா உள்ளே போய் அடைத்துக்கொண்ட மறுநாள் மரத்தில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது. உருளை வடிவப் பொந்துகளில் வசிப்போர் அனைவரும் பொந்தின் ஆரம், உயரம், கொள்ளளவு ஆகியவற்றைப் படிவத்தில் நிரப்பி, பௌர்ணமிக்குள் ஒப்படைக்க வேண்டும். தவறினால் பொந்து வேறு யாருக்காவது ஒதுக்கப்படும்.

நாச்சிமுத்து ஒரு கொடியில் முழத்துக்கு முழம் முடிச்சுப் போட்டுக் கீறல் வழியாக உள்ளே தள்ளினார். பாவாத்தா இருட்டுக்குள்ளேயே நாலாபக்கமும் திரும்பி அளந்தாள். அவள் போட்ட ஒற்றை முட்டையை மிதிக்காமல் அளந்ததுதான் பெரிய வேலை.

"குறுக்கால ரெண்டு முழமுங்க மாமா. மேலுக்கு ஏழு" என்றாள்.

அலுவலகத்தில் வரிசை ஓடை வரைக்கும் நின்றது. நாச்சிமுத்துவின் முறை வர மதியம் ஆகிவிட்டது. படிவத்தில் ஆரம் என்று ஒரு கட்டம் இருந்தது. ஆரம் என்றால் என்ன என்று பின்னால் நின்ற முள்ளம்பன்றியிடம் கேட்டார். குறுக்களவில் பாதி, நடுவிலிருந்து ஓரம் வரைக்கும் என்றது முள்ளம்பன்றி. அதன் முள் குத்தாத தூரத்தில் நின்றபடி நாச்சிமுத்து யோசித்தார். அரசாங்கம் பாதியைத்தான் கேட்கிறது. அது அதன் பெருந்தன்மை. ஆனால் மீதிப் பாதியில் நாம் குடியிருக்கிறோமே, அதை மறைத்தால் பொய் சொன்ன மாதிரி ஆகாதா? மனசு கேட்கவில்லை. ஆரம் என்ற கட்டத்தில் இரண்டு என்றே முழுசாக எழுதினார்.

படிவத்தின் அடியில் வழிமுறை இருந்தது. ஆரத்தை ஆரத்தால் பெருக்கி, உயரத்தால் பெருக்கி, வருவதை இருபத்திரண்டால் பெருக்கி, ஏழால் வகுக்கவும். ஈரிரண்டு நாலு. நாலேழு இருபத்தெட்டு. இருபத்தெட்டை இருபத்திரண்டால் பெருக்கினால் அறுநூற்றுப் பதினாறு. ஏழால் வகுத்தால் எண்பத்தெட்டு. ஒரு பிசகும் இல்லாமல் பெருக்கி வகுத்ததில் அவருக்கே தன்மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது. கொள்ளளவு எண்பத்தெட்டு கன முழம் என்று எழுதிக் கொடுத்தார்.

எழுத்தர் ஓர் உடும்பு. பெயர் ஆவுடையப்பன். ஒரு காகிதத்தைப் பிடித்தால் விடமாட்டார் என்று காடெல்லாம் பேர் வாங்கியவர். ஆனால் அது சாப்பாட்டு நேரம். காகிதத்தை ஒருதரம் நாக்கால் தொட்டுப் பார்த்துவிட்டு, 'சரிபார்த்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, பதிவேட்டில் ஏற்றிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்.

பத்து நாள் கழித்து, எழுதியது சரிதானா என்று நேரில் பார்க்க நில அளவர் வந்தார். அவர் ஒரு தேவாங்கு. காலையில் மரத்தின் அடியில் கால் வைத்தார், பொந்துக்கு வந்து சேரும்போது வெயில் சாய்ந்துவிட்டது. ஆனால் வேலையில் சுத்தம். மெலிந்த கையைக் கீறலுக்குள் விட்டு, பாவாத்தாவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, கொடியைப் பிடித்து அளந்தார்.

"குறுக்கே ரெண்டு. அப்போ ஆரம் ஒண்ணு. ஓரொண்ணு ஒண்ணு, ஓரேழு ஏழு, இருபத்திரண்டால பெருக்கி ஏழால வகுத்தா இருபத்திரண்டு" என்றார் தேவாங்கு. பிறகு பதிவேட்டின் நகலைப் பார்த்தார். அதைப் பார்க்கவே கொஞ்ச நேரம் பிடித்தது. "இதுல எண்பத்தெட்டு இருக்கே. மீதி அறுபத்தாறு எங்கேங்க?"

நாச்சிமுத்துவுக்கு அப்போதுதான் புரிந்தது. பாதியை மறைக்கக் கூடாது என்று நினைத்து, வீட்டை நாலு மடங்காக்கி எழுதியிருக்கிறார். நல்லவேளை, உண்மையைச் சொன்னால் திருத்திக் கொடுத்துவிடுவார்கள் என்று நினைத்துக்கொண்டு அன்றைக்கே அலுவலகத்துக்குப் பறந்தார். அவருக்கு அலுவலகங்களில் அனுபவம் குறைவு.

ஆவுடையப்பன் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, அப்படியெல்லாம் திருத்த முடியாது என்றார். சரிபார்த்த பதிவைத் திருத்த வேண்டுமானால், சரிபார்த்தவர் தப்பாகப் பார்த்தார் என்று விண்ணப்பம் கொடுக்க வேண்டும். அந்த விண்ணப்பத்தைச் சரிபார்த்தவர்தான் அனுமதிக்க வேண்டும். இவருக்கு முன்னால் இருந்த எழுத்தர் ஒரு தப்புக் கையெழுத்து போட்டு, முதலை மடுவுக்கு மாற்றலாகிப் போனார். போன அன்றோடு அவரைப் பற்றித் தகவல் இல்லை.

"பதிவேட்டுல எண்பத்தெட்டு. மரத்துல இருபத்திரண்டு. பதிவேடு தப்பாகாது. அப்போ அறுபத்தாறு கன முழம் காலியிடத்தை நீங்க எங்கேயோ கடத்தியிருக்கீங்க" என்றார் ஆவுடையப்பன்.

காலியிடத்தை எப்படிக் கடத்துவது என்று நாச்சிமுத்து கேட்டார். அது கடத்தியவருக்குத்தான் தெரியும் என்று பதில் வந்தது. எட்டு நாளைக்குள் அறுபத்தாறையும் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும். இல்லாவிட்டால் மரங்கொத்திகளை அனுப்பி, வாசலை உடைத்து, பதிவேட்டில் உள்ள அளவுக்குப் பொந்தைக் குடைந்து பெரிதாக்குவார்கள். அந்த மரமே அவ்வளவு பருமன் கிடையாது என்றார் நாச்சிமுத்து. அதெல்லாம் மரத்தோடு பேசிக்கொள்ள வேண்டிய விஷயம் என்றார் ஆவுடையப்பன்.

"உடைக்கும்போது உள்ளே முட்டை கிட்டை இருந்தா கவலைப்படாதீங்க. அலுவலகப் பொறுப்புல நானே வாங்கிக்குவேன்" என்று சொல்லும்போது உடும்பின் நாக்கு இரண்டு தரம் வெளியே வந்து போனது.

நாச்சிமுத்து அன்று மாலை அத்திப்பழங்களை ஒவ்வொன்றாகக் கீறலுக்குள் போட்டார். எத்தனை பறித்தேன், எத்தனை தின்றேன் என்று கணக்குச் சொல்லாத கணவனைப் பாவாத்தா அதுவரை பார்த்ததில்லை.

"என்னாச்சுங்க மாமா?"

அவ்வளவுதான், அவர் உடைந்துபோய்விட்டார். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். நேர்மையாக இருக்கப் போய்க் குடும்பத்தைத் தெருவில் நிறுத்திவிட்டேன் என்று அழுதார். அவ்வளவு பெரிய மூக்கை வைத்துக்கொண்டு அழுவது பார்க்கச் சிரிப்பாக இருக்கும். பாவாத்தா சிரிக்கவில்லை. மூன்று மாதம் இருட்டில் உட்கார்ந்திருக்கிறவளுக்கு யோசிக்க நேரம் நிறைய. அவள் இரண்டு நாள் யோசித்தாள்.

மூன்றாம் நாள் காலையில் சொன்னாள்: "காலியிடம்தான வேணும்? மூங்கில்ல குடுங்க. ஒரு முழம் குறுக்கால, ஏழு முழம் நீளம். உள்ள இருக்கற கணுவெல்லாம் குத்தி எடுத்துப்போடுங்க. ஓட்டையா இருக்கோணும்."

நாச்சிமுத்துவுக்கு இப்போது ஆரம் என்றால் என்னவென்று நன்றாகத் தெரியும். குறுக்களவு ஒன்று என்றால் ஆரம் அரை. மனக்கணக்காகப் போட்டுப் பார்த்தார். ஒரு மூங்கிலுக்கு ஐந்தரைதான் வருகிறது. அறுபத்தாறுக்குப் பன்னிரண்டு மூங்கில் வேண்டும். எட்டு நாளில் ஐந்துதான் மிச்சம், அவ்வளவு பெரிய மூங்கில் அந்த மலையிலேயே நாலோ ஐந்தோதான் இருக்கிறது என்றார்.

"மூணு போதும்" என்றாள் பாவாத்தா. "நீங்க மொத தடவை எழுதுன மாதிரியே ஆரம்னு போட்டிருக்கற கட்டத்துல ஒண்ணுன்னு எழுதுங்க. ஒண்ணுக்கு இருபத்திரண்டு வரும். மூணுக்கு அறுபத்தாறு."

"அது பொய் அம்மிணி."

"அன்னிக்கும் அதேதான எழுதுனீங்க?"

"அன்னிக்கு எனக்குத் தெரியாது."

கீறல் வழியாக ஒரு நீண்ட சிறகு மெல்ல வெளியே வந்தது. கறுப்பில் வெள்ளைப் பட்டை போட்ட சிறகு. அதன் பின்னால் இன்னொன்று. பாவாத்தா உதிர்த்து வைத்திருந்த சிறகுகளை ஒவ்வொன்றாக வெளியே தள்ளினாள். அவை காற்றில் சுழன்று சுழன்று கீழே போவதை நாச்சிமுத்து பார்த்துக்கொண்டே இருந்தார். அவள் பறப்பதை எத்தனையோ வருஷமாகப் பக்கத்திலேயே பறந்து பார்த்தவர்.

"எழுதறேன்" என்றார்.

பாவாத்தா திட்டத்தைச் சொன்னாள். மதியம் சாப்பாட்டு நேரத்துக்குப் படிவத்தை மட்டும் நீட்ட வேண்டும். ஆவுடையப்பன் கையெழுத்துப் போடும்வரை மூங்கில் வாசலிலேயே இருக்கட்டும். கையெழுத்து விழுந்த பிறகு மூங்கில் அலுவலகத்துக்குச் சொந்தம். பதிவேடு தப்பாகாது என்று அவர் சொன்ன சட்டம் அவருக்கும் பொருந்தத்தானே வேண்டும்? மற்றதைத் தேவாங்கு பார்த்துக்கொள்வார். நாச்சிமுத்து செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. வாயைத் திறக்கக் கூடாது.

அதுதான் கஷ்டம் என்று இரண்டு பேருக்கும் தெரியும். அதனால் பாவாத்தா தனக்கு வந்த அத்திப்பழத்தில் பெரிதாக ஒன்றை எடுத்து, கீறல் வழியாக அவர் மூக்கில் வைத்தாள். "இதை அப்படியே வெச்சுக்குங்க. திங்கக் கூடாது, கீழ போடவும் கூடாது. திரும்பி வந்து எங்கிட்டக் குடுங்க."

மூங்கில்களை ஒரு யானை இழுத்துவந்து கொடுத்தது. எட்டாம் நாள் மதியம் அவற்றை அலுவலக வாசலில் சாய்த்துவிட்டு, நாச்சிமுத்து படிவத்தைக் காலால் நகர்த்தினார். ஒப்படைக்கும் பொருள்: காலியிடம். வடிவம்: உருளை மூன்று. ஆரம் ஒன்று, உயரம் ஏழு. மொத்தம் அறுபத்தாறு கன முழம். ஆவுடையப்பன் பெருக்கல் கூட்டல் சரியா என்று மட்டும் பார்த்தார். சரியாகத்தான் இருந்தது. அவர் முட்டையை எதிர்பார்த்திருந்தவர், அதனால் முகம் கொஞ்சம் வாடியது. ஆனாலும் பசி நேரம். 'அறுபத்தாறு கன முழம் காலியிடம் பெற்றுக்கொண்டேன், சரிபார்த்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அப்போது நில அளவர் தேவாங்கு, காலையிலேயே தன் இருக்கையிலிருந்து எழுந்தவர், வாசலுக்கு வந்து சேர்ந்தார். புதிதாக வந்த எதையும் அளப்பது அவர் கடமை. மூங்கிலை அளந்தார். குறுக்கே ஒன்று, ஆரம் அரை. அரையை அரையால் பெருக்கினால் கால். விரல் விட்டு எண்ணினார். வரிசையில் நின்றவர்களெல்லாம் வேடிக்கை பார்த்தார்கள்.

"ஒண்ணுக்கு அஞ்சரை. மூணுக்குப் பதினாறரை" என்றார் தேவாங்கு. பிறகு பதிவேட்டைப் பார்த்தார். "நீங்க அறுபத்தாறு வாங்கினதா எழுதியிருக்கீங்க சார். மீதி நாற்பத்தொன்பதரை எங்கே?"

ஆவுடையப்பனின் வால் நின்ற இடத்திலேயே நின்றது. கையெழுத்தைப் பார்த்தார், மூங்கிலைப் பார்த்தார். இந்தாள் குறுக்களவைத்தான் ஆரமாக எழுதியிருக்கிறார் என்று சொன்னால், அதைச் சரிபார்த்தது யார் என்று கேட்பார்கள். இந்த முறை மட்டுமா, போன முறையும் யார் என்று கேட்பார்கள். சொல்லாவிட்டால், நாற்பத்தொன்பதரை கன முழம் காலியிடத்தைப் பட்டப்பகலில் அலுவலகத்திலேயே திருடியவர் அவர்.

நாச்சிமுத்துவுக்கு அவர்மேல் இரக்கமாக இருந்தது. உண்மை தொண்டைவரை வந்துவிட்டது. ஐயா, ஆரம் என்றால் பாதிதான், தப்பு என்னுடையதுதான் என்று சொல்ல வாயெடுத்தார். பழம் நழுவப் பார்த்தது. கெட்டியாகக் கவ்விக்கொண்டார்.

முதலை மடு இருக்கும் திசையை ஒருதரம் பார்த்துவிட்டு, ஆவுடையப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நில அளவரே, சுற்றறிக்கை உங்களுக்கு இன்னும் வரலையா? இன்னைக்கிலேர்ந்து ஆரம்னா முழுக் குறுக்களவு. பாதி பாதியா அளக்கறதெல்லாம் பழைய காலம்."

தேவாங்கு அதைக் குறித்துக்கொண்டார். சுற்றறிக்கையை ஆவுடையப்பன் அன்று சாப்பிடாமல் உட்கார்ந்து எழுதினார். நாச்சிமுத்து பழத்தைக் கவ்வியபடியே வீட்டுக்கு வந்தார். கீறல் வழியாக நீட்டினார். பாவாத்தா பழத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதில் பல் பதிந்த தடம் மாதிரி மூக்கின் தடம் ஆழமாக இருந்தது. அதிலிருந்து அவர் எவ்வளவு பாடுபட்டிருக்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. பாதியைத் தின்றுவிட்டு மீதியை அவருக்கே கொடுத்தாள்.

குஞ்சு பொரித்தது. பாவாத்தாவுக்குச் சிறகு முளைத்தது. வாசலை அவளே உடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். குஞ்சும் பறக்கக் கற்றுக்கொண்டு, அப்பாவிடம் யாரும் கேட்காமலே எத்தனை பழம் தின்றேன் என்று சொல்ல ஆரம்பித்தது. இங்கேயே கதையை முடித்திருந்தால் அழகாக இருந்திருக்கும்.

ஆனால் வருஷக் கடைசியில் தணிக்கைக்குக் கரடி வந்தது. புதிய சுற்றறிக்கைப்படி எல்லாப் பொந்தையும் மறுபடி கணக்குப் போட்டு வைத்திருந்தார்கள். காட்டில் உள்ள அத்தனை பொந்தும் ஒரே வருஷத்தில் நாலு மடங்கு பெருத்திருந்தது. அணிலின் பொந்தில் யானை வசிக்கலாம் என்று பதிவேடு சொன்னது. கரடி ஒவ்வொன்றாகப் பார்த்து, பெருக்கி, வகுத்து, சரி சரி என்று தலையாட்டிக்கொண்டே வந்தது. ஒரே ஒரு பக்கத்தில் நின்றது.

நாச்சிமுத்து, இருவாச்சி. குறுக்களவு இரண்டு, உயரம் ஏழு. எண்பத்தெட்டில் அறுபத்தாறு ஒப்படைத்தது போக, இருப்பு இருபத்திரண்டு. ஒப்படைத்த ரசீதை ஆவுடையப்பன் பத்திரமாக அந்த மூங்கிலுக்குள்ளேயே சுருட்டிச் செருகியிருந்தார். மூங்கிலோடு சேர்த்து அதையும் கரையான் தின்றுவிட்டதால், கழித்ததற்கு ஆதாரம் இல்லை. ஆக, காடு முழுக்க ஆயிரத்துச் சொச்சம் பதிவுகளில், மரத்தில் இருப்பதைப் பதிவேட்டிலும் அப்படியே சொன்னது அந்த ஒன்றுதான். அதைத்தான் கரடி சிவப்பு மையால் வட்டமிட்டு, விளக்கம் கேட்டு ஆள் அனுப்பியது.

நாச்சிமுத்து அலுவலகத்துக்குப் போனார். வரிசையில் நின்றார். விளக்கம் எழுத ஒரு காகிதம் கொடுத்தார்கள். ஆரம் என்றால் என்ன, குறுக்களவு என்றால் என்ன, தன் பொந்து உண்மையில் எவ்வளவு, எல்லாம் அவருக்கு இப்போது தெரியும். அந்த அலுவலகத்தில் அதை வாய்விட்டுச் சொல்லக்கூடியவர்கள் அவரும் தேவாங்கும்தான். தேவாங்கு அன்று இன்னும் அலுவலகத்துக்கு வந்து சேரவில்லை.

கரடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. வெளியே மரக்கிளையில் பாவாத்தாவும் குஞ்சும் காத்திருந்தார்கள். நாச்சிமுத்து குனிந்து ஒரே ஒரு வரி எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

'என் பொந்தின் அளவு தவறாகப் பதிவாகியிருப்பதற்கு மனமார வருந்துகிறேன்.'

கரடி படித்தது. நேர்மையான பறவை என்று பாராட்டி, இருபத்திரண்டை அடித்துவிட்டு எண்பத்தெட்டு என்று திருத்தியது. பக்கத்தில் நின்ற ஆவுடையப்பன் அதற்குக் கீழே 'சரிபார்த்தேன்' என்று கையெழுத்துப் போட்டார்.

நீதி: சரியான விடை தெரிந்தவர்கள், மன்னிப்புக் கடிதத்தை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்வது நல்லது.